எண்ணெய்க்கு அடுத்த சொல்

என் தங்கை காசியம்மாள் தன் வாழ்நாளில் வென்றவை இவை. புகுந்த வீட்டார் தர மறுத்த ஒரு வெள்ளிப் பாலாடையை நேரில் போய்க் கேட்டு வாங்கினாள். பிள்ளையைக் கொன்றவள் என்று ஊர் சொன்ன பிறகும், பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் இடத்திலேயே வேலை பெற்றாள். பள்ளிக்கூட வாசலை ஒரு நாளும் மிதிக்காதவள், சீசாக்களின் மேல் ஒட்டியிருந்த சீமைச் சொற்களை வாசித்தாள். வாசித்ததோடு விடாமல் அவை எந்தத் தேசத்திலிருந்து வந்தன என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பூட்டி வைத்த அலமாரி ஒன்றின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசியாகத் தன் பெயரை எழுதினாள்.

நான் அவளுக்கு மூத்தவன், கோவிந்தன். ஐந்தாவது வரை படித்தேன். மாரண்டஹள்ளி மண்டியில் எடை போடும் வேலை. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியும், மற்றதை யார் சொல்லக் கேட்டேன் என்பதோடும் எழுதுகிறேன்.

எங்களுடையது செக்கு வீடு. எள், நிலக்கடலை, ஆமணக்கு, இலுப்பை, புங்கன் எல்லாம் ஆட்டுவோம். செக்கு வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்து விளக்கேற்றும் முன், வீட்டில் எந்த எண்ணெய்ப் பாத்திரமும் குறையாக நிற்கக்கூடாது. இரண்டு பாத்திரங்களில் அரையும் குறையுமாக இருந்தால், ஒன்றை இன்னொன்றில் ஊற்றி நிரப்பி, காலியானதைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். குறைப் பாத்திரம் நிற்கிற வீட்டில் லட்சுமி நிற்க மாட்டாள் என்று எங்கள் அம்மா சொல்வாள். காசியம்மாள் நடக்கத் தொடங்கியதுமே செய்யப் பழகிய வேலை அதுதான். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவாள். எங்கள் அப்பா அவளைத்தான் ஊற்றச் சொல்வார், என்னை அல்ல.

பாலக்கோட்டுப் பக்கம் இன்னொரு செக்கு வீட்டில் மாரப்பன் என்பவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். மாது பிறந்தான். தாய்மாமன் சீராக நான் ஒரு வெள்ளிப் பாலாடை செய்து கொடுத்தேன். அவனுக்குப் பாலும், மாதம் ஒருமுறை விளக்கெண்ணெயும் அதில்தான் புகட்டினார்கள். வாய் முழுக்க எண்ணெயோடு சிரிப்பான்.

1936ஆம் வருஷம் மாதுவுக்கு ஐந்து வயது. வயிறு பெருத்து, முகம் வெளிறி, மண்ணைத் தின்னத் தொடங்கினான். குடலில் கொக்கிப் புழு என்று, தருமபுரிச் சாலையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை நடத்தியவர் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி. எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். மருந்து கலந்து கொடுத்தவள் தெரசா. கோவிலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்; காசியம்மாளை விடச் சின்னவள்.

அன்று தெரசா இரண்டு சீசாக்கள் கொடுத்தாள். சின்னதில் புழு மருந்து. விடிந்ததும் வெறும் வயிற்றில் சர்க்கரையில் சில சொட்டுகள் மட்டும். பெரியதில் விளக்கெண்ணெய், கொஞ்ச நேரம் கழித்து அதைப் புகட்டி வயிற்றைக் கழுவ வேண்டும். தெரசா இதையெல்லாம் சொன்னாள். காசியம்மாளும் தலையாட்டினாள். ஆனால் வெளியே வரிசை நீண்டிருந்தது, மாது அழுதுகொண்டிருந்தான். புறப்படும்போது காசியம்மாள் கேட்டாள்:

“ரெண்டும் என்னம்மா மருந்து?”

“ரெண்டும் எண்ணெதான்க்கா” என்று தெரசா சீசாக்களின் மேலிருந்த எழுத்தைக் காட்டினாள். “இதோ பாருங்க, ரெண்டுலயும் ஓலியம்னு போட்டிருக்கு. ஓலியம்னா எண்ணெ.”

இதைப் பிற்பாடு இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் காசியம்மாள் கண்ணில் அந்த இரண்டு சீசாக்களும் பட்டன. இரண்டும் குறை. இரண்டும் எண்ணெய். அவள் கை யோசிக்கவில்லை. சின்னதைப் பெரியதில் ஊற்றினாள், சிந்தாமல். சின்ன சீசாவைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். விடிந்ததும் அதைப் பாலாடையில் ஊற்றி, மடியில் போட்டு மாதுவுக்குப் புகட்டினாள்.

நடுப்பகலில் எனக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாது தாழ்வாரத்தில் படுத்திருந்தான். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“மாமா, காதுல செக்கு ஓடுது. நிறுத்தச் சொல்லு” என்றான்.

அன்று செக்கு ஓடவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். நான் மாரப்பனைப் பார்த்தேன். அவர் செக்கைப் பார்த்தார். வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பெரிய சிஸ்டர் தொட்டுப் பார்க்கும்போது மூச்சில்லை.

கவிழ்த்து வைத்த அந்தச் சின்ன சீசா அப்போதும் அடுப்படியில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. அதை நான்தான் எடுத்துவந்து சிஸ்டரிடம் காட்டினேன். அதற்குப் பிறகுதான் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. அளவு மீறினால் அந்தப் புழு மருந்து முதலில் காதில் இரைச்சலாக வரும், பிறகு வலிப்பாக வரும் என்று சிஸ்டர் சொன்னார்.

மறுநாள் மணியக்காரரும் போலீஸ்காரரும் விசாரிக்க வந்தார்கள். தெரசா சுவரோரம் நின்று, “நான்தான் ரெண்டும் எண்ணெனு சொன்னேன், என் மேல எழுதிக்கோங்க” என்று அழுதாள்.

காசியம்மாள் அழவில்லை. “ஊத்துனது நானுங்க. குடுத்தது நானுங்க. அந்தப் புள்ள மேல ஒண்ணும் எழுதாதீங்க” என்றாள். எழுதி வாசித்துக் காட்டினார்கள். இடது கட்டைவிரலில் மையைத் தடவி வைத்தாள். எண்ணெய்க் கை என்பதால் ரேகை சரியாக விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். கைப்பிசகு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அவள் மாமியார் குள்ளம்மாள் அப்படி முடிக்கவில்லை. “எண்ணெ எது, வெசம் எதுன்னு தெரியாதவளையா செக்கு வூட்டுல பாத்துப் பாத்துப் பொண்ணெடுத்தோம்” என்று தண்ணீர்த் துறையிலும் சந்தையிலும் சொன்னாள். அடுத்த தை மாதம் மாரப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் போய்த் தங்கையை அழைத்துவந்தேன். பாலாடையைக் கேட்டேன். செத்த பிள்ளையின் சாமான் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்றார்கள்.

எங்கள் வீட்டில் அவள் செக்குப் பக்கமே போகவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் அம்மா பாத்திரங்களை எடுத்தால், இவள் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் காலையில், “அண்ணா, என்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வரியா?” என்றாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குத் துணையாகச் சண்டை போடவும் தயாராகத்தான் போனேன்.

தெரசா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். காசியம்மாள் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டாள்:

“எண்ணெனு எழுதியிருக்குன்னியே. அதுக்கு அடுத்தாப்ல என்ன எழுதியிருந்துச்சு?”

தெரசா அலமாரியைத் திறந்து இரண்டு சீசாக்களை எடுத்து வைத்தாள். எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். “இதுல ரிசினி. இதுல கெனோபோடி.”

“அத ஏம்மா அன்னிக்கிச் சொல்லல?”

“சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டேன்க்கா.”

காசியம்மாள் நெடுநேரம் அந்த இரண்டாவது சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இப்ப புரிய வை” என்றாள்.

அன்றே பெரிய சிஸ்டரிடம் வேலை கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். புழு மருந்து வாங்க வருகிற எந்தத் தாயும் தன்னைப்போல பாதிச் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பிப் போகக்கூடாது. அந்தச் சீசா தன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். சிஸ்டர் யோசித்தார். கூட்டவும் சீசா கழுவவும் இருக்கலாம் என்றார். அலமாரிப் பக்கம் போகக்கூடாது என்றார். காசியம்மாள் சரி என்றாள். தெரசாதான் சிஸ்டரிடம் மன்றாடினாள் என்று பின்னால் தெரிந்தது.

சம்பளம் வாங்கிய முதல் மாதம் அவள் தனியாகவே புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்று, “என் புள்ள வாய்ல வெச்சது. எங்கிட்டக் குடுங்க” என்றாளாம். குள்ளம்மாள் கதவைச் சாத்தினாள். இவள் வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள், வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள், யாரும் பார்க்காதபோது பாலாடையைக் கொண்டுவந்து கையில் வைத்தாளாம். இது அந்தப் பெண்ணே எனக்குச் சொன்னது.

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு தெரசா ஒவ்வொரு சீசாவாக எடுத்துக் காட்டுவாள். மண்டிச் சரக்கோடு போகும் நாட்களில் நானும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். தெரசாவுக்குத் தெரியாததை சிஸ்டரிடம் கேட்டுவந்து சொல்வாள்.

ஓலியம் என்பது லத்தீன் என்ற பழைய பாஷையின் சொல். மாதா கோயில் பூசையில் சாமியார் சொல்வது அந்தப் பாஷைதான். அதற்கும் முன்னால் கிரேக்கர் அதை எலையான் என்றார்களாம். ஒலிவ மரத்துக்கு அவர்கள் வைத்த பேர் எலையா; அதன் காயிலிருந்து வடிந்தது எலையான். அதுவே லத்தீனுக்கு வந்து ஓலியமாகி, இங்கிலீஷுக்கு வந்து ஆயில் ஆனது.

“அப்ப ஆயில்னா ஒலிவ எண்ணெ மட்டுந்தானா?” என்று காசியம்மாள் கேட்டாள்.

“மொதல்ல அப்படித்தான்க்கா. அப்புறம் எல்லா எண்ணெய்க்கும் அந்தப் பேரே ஆயிடுச்சு.”

“ஒரு மரத்துப் பேர எல்லாத்துக்கும் வெச்சா, எது எதுன்னு எப்படித் தெரியும்?” என்றாள். பிறகு தானே சொன்னாள்: “நாமளும் அப்படித்தானே வெச்சிருக்கோம். எள்ளுல வடிஞ்ச நெய்தான் எண்ணெ. வேம்பு, புங்கன், எல்லாத்தையும் அந்தப் பேருலயே சேத்து ஊத்திட்டோம்.”

ரிசினி என்றால் உண்ணி என்று தெரசா சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆமணக்கு விதை மாட்டு உண்ணியைப்போல இருப்பதால் அந்தக் காலத்து லத்தீன்காரர்கள் அப்படிப் பேர் வைத்தார்களாம். காசியம்மாள் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். “அச்சு அசல் உண்ணிதான். இத்தன வருஷமா எங்க அப்பன் உண்ணிய ஆட்டித்தான் எங்களுக்குச் சோறு போட்டிருக்கான்” என்றாள். மாது போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“இந்த இன்னொண்ணு?” என்று அவளே கேட்டாள். கெனோபோடி என்பது கிரேக்கச் சொல். வாத்தின் கால் என்று அர்த்தம். அந்தச் செடியின் இலை வாத்துக்கால் மாதிரி விரிந்திருக்குமாம். காசியம்மாள் சீசாவை வாங்கி இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். 

ஆபரேஷன் அறைக்குத் தரையில் விரிக்க, தருமபுரிக்கு வரும் சின்ன ரயிலில் ஒரு வழுவழுப்பான விரிப்புச் சுருள் வந்தது. அதன் பேர் லினோலியம். லீனம் என்றால் ஆளிச்செடி. ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்தது. காசியம்மாள் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “எண்ணெயச் சுருட்டி ரயில்ல அனுப்பிச்சிருக்காங்கண்ணா” என்றாள். ஓசூர் வரை போன அந்த ரயில் பாதையை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போன பிறகு, மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிதானது. தகரத்தில் எழுதியிருந்த பெட்ரோலியத்தை அவளே எழுத்துக் கூட்டி வாசித்தாள். சொல்லின் வால் எண்ணெய் என்பது தெரிந்துவிட்டது. தலையைக் கேட்டாள்.

“பெத்ரா, பாறை. எங்க புனிதர் ராயப்பருக்கும் லத்தீன்ல அதான் பேரு” என்றாள் தெரசா.

“பாறை எண்ணெ. நாம மண்ணெண்ணெங்கறோம். அவங்க நம்மள விடக் கொஞ்சம் ஆழமாத் தோண்டிட்டாங்க போல.”

இப்படி அவள் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். பெரிய சிஸ்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடை ஒன்றுதான் மிச்சம். அந்த அலமாரியில் இருப்பவை அளவு தப்பினால் விஷம். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பவர், எடுப்பதற்கு முன் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு செல்லாது. காசியம்மாள் எழுத மாட்டேன் என்றாள். நான் சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். அது மூலையில் கிடந்தது. திட்டியும் பார்த்தேன்.

“வாசிக்கிறது கண்ணு வேலைண்ணா. எழுதுனா கை சொன்னதா ஆயிடும். மை வெச்சு என் கை ஒருதரம் சொன்னது போதும்” என்றாள்.

அதனால் தெரசா கையெழுத்துப் போடுவாள். காசியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வாள். புழு மருந்துச் சீசாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதை அவள்தான் நிறுத்தவைத்தாள். சொட்டுகளை அவள் கண் முன்னால் பிள்ளை விழுங்க வேண்டும். பிறகு தாயும் பிள்ளையும் புளியமரத்தடியில் உட்கார வேண்டும். நேரம் ஆனதும் விளக்கெண்ணெயை அவளே மாதுவின் பாலாடையில் புகட்டுவாள். “ஒரு மருந்து குடிக்க ஒரு பொழுதா?” என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவள் மரத்தடியிலேயே அவர்களோடு உட்கார்ந்திருப்பாள்.

1943 ஐப்பசியில் மழையோடு காய்ச்சல் வந்தது. யுத்த காலம், காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா கிடைக்கவில்லை. தெரசா படுத்தாள். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் தொட்டு வைக்கும் கடைசிப் பூசுதலை அவளுக்குச் செய்தார். உள்ளங்கை அளவு வெள்ளிச் சிமிழ். மூடியில் இரண்டு எழுத்துகள் மட்டும். பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற காசியம்மாளுக்கு முதல் எழுத்து ஓலியத்தினுடையது என்று தெரிந்துவிட்டது.

“இதுக்கு அடுத்த சொல்லு என்னங்க, சாமி?”

“இன்ஃபிர்மோரும். நோயாளிகளுடைய எண்ணெய்” என்றார் அவர்.

தெரசாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். காசியம்மாளின் விரலைப் பிடித்தாள் என்று சாமியார் என்னிடம் சொன்னார். மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அடக்கம் செய்தோம்.

சிஸ்டர் அடிக்கடி சேலம் போய்வர வேண்டியிருந்தது. “காசி, நீ கையெழுத்துப் போட வேண்டும். இல்லை என்றால் அலமாரி மூடித்தான் இருக்கும்” என்று சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். காசியம்மாள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் திறக்கவில்லை. புழு மருந்துக்கு வந்தவர்களைத் தருமபுரிக்குப் போகச் சொன்னாள். அவர்களில் பலர் போகமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் நான் ஆமணக்கு மூட்டையோடு போயிருந்தேன். வத்தல்மலையிலிருந்து கரியன் என்பவரும் அவர் மனைவி செல்லியும் பையனைத் தோளில் சுமந்து இறங்கி வந்திருந்தார்கள். வெளிறிய முகம், பெருத்த வயிறு. மாதுவின் வயதுதான் இருக்கும். மருந்து கொடுக்க ஆள் இல்லை என்று காசியம்மாள் சொன்னதும் கரியன் எழுந்து துண்டை உதறினார். செல்லி எழவில்லை.

“அப்ப சீசாவ எங்க கையில குடு ஆயா. ராத்திரி தங்க எடமில்ல. வூட்டுக்குப் போயி நாங்களே ஊத்திக்கிறோம்” என்றாள்.

காசியம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். புத்தகத்தைத் திறந்து, பேனாவை மைக்கூட்டில் தோய்த்தாள். நிப்பிலிருந்து மை ஒரு சொட்டு விழப் பார்த்தது. அதைக் கூட்டின் விளிம்பில் வைத்துத் தட்டினாள், எண்ணெய்ச் சொட்டைத் தட்டுவதுபோல. சிந்தவில்லை. தெரசாவின் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்தின் துணைக்கால் சாய்ந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். “வேணாண்ணா” என்றாள்.

சொட்டுகளைச் சர்க்கரையில் விட்டுக் கொடுத்தாள். செல்லியையும் கரியனையும் பையனையும் புளியமரத்தடியில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். அடிக்கடி குனிந்து அந்தப் பையனைக் கேட்டாள்:

“காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதாடா?”

“குருவி கேக்குது” என்றான் அவன்.

காசியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். மரத்தில் குருவிகள் இருந்தன. அதற்குப் பிறகுதான் அழுதாள். செல்லி ஒன்றும் புரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நேரம் ஆனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பாலாடையைக் கழுவப் போனாள்.

அந்தப் புத்தகத்தைப் பிறகு ஒருமுறை சிஸ்டரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பேர் எழுதும் கட்டத்தில் ஓலியம் சின்னதாகவும், அதற்கு அடுத்த சொல் பெரிதாகவும் இருக்கிறது. பக்கத்தில் காசியம்மாள் என்று முழுப் பெயர். தேதியையும் அவளே எழுதியிருக்கிறாள்: 1943 நவம்பர் 11, வியாழக்கிழமை.